நகர அரசியலும் வில்லியம் ருவீட்டும்

நியூயோர்க்கின் கட்சித் தலைவர் வில்லியம் ருவீட் (1823-1878) ஊழலின் உருவமாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். தனியொருவரின் பேராசை மட்டும் அவரது ஆதிக்கத்தை விளக்கப் போதுமா என்பது ஆராயத்தக்கது.

நாற்காலி செய்யும் கைவினைஞரின் மகனான ருவீட், தொண்டர் தீயணைப்புப் படையொன்றின் வாயிலாக அரசியலுள் நுழைந்தார். 1840களின் பெரும் பஞ்சத்தினாற் புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்கள் அக்காலத்தில் நகரின் சேரிகளிற் குவிந்திருந்தனர். அரசு கைவிட்ட அவர்களுக்கு ஜனநாயகக் கட்சியின் ரம்மனி மண்டபம் வேலையும், நிலக்கரியும், குடியுரிமைப் பத்திரமும் பெற்றுக்கொடுத்தது. கைம்மாறாக வாக்குகளைப் பெற்றது.

அவ்வாக்குப் பலமே கொள்ளைக்கு மூலதனமாயிற்று. ஒப்பந்தக்காரர் கணக்குகளைப் பெருப்பித்து, மிகையில் ஒரு பங்கை ருவீட் குழுவினருக்கு அளித்தனர். முதலில் 250,000 டொலர் ஒதுக்கப்பட்ட நீதிமன்றக் கட்டடம் ஒரு கோடி டொலருக்கும் மேல் விழுங்கியது.

1871 இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இரகசியக் கணக்குகளை வெளியிட்டது. தோமஸ் நாஸ்ற்றின் கேலிச்சித்திரங்கள் எழுத்தறியாதோரையும் எட்டின. 1873 இல் குற்றவாளியாகக் காணப்பட்ட ருவீட், 1875 இற் காவலிலிருந்து தப்பினார். மறுவருடம் ஸ்பெயினிற் பிடிபட்டு, 1878 இற் சிறையில் மாண்டார்.

ஆயின் ரம்மனி மண்டபம் வீழவில்லை. ஜோன் கெலியின் தலைமையில் அது மேலும் இறுக்கமாக ஒழுங்கமைக்கப்பட்டது. மறுபுறம், ஆளுநர் ரில்டன் நியமித்த ஆணைக்குழு, நகர நிதியை மேற்பார்வை செய்யும் சபைக்கு வரி செலுத்துவோரும் உயர்வாடகை செலுத்துவோரும் மட்டுமே வாக்களிக்கலாமென 1877 இல் முன்மொழிந்தது. அம்முயற்சி நிறைவேறவில்லை. எனினும், ஊழல் ஒழிப்பின் பெயரால் உழைப்போரின் வாக்குரிமையே குறிவைக்கப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. வறுமையைத் தீர்க்க இரு சாராரிடமும் திட்டம் இருக்கவில்லை.