நிரப்புச் சோதனையில் ‘இல்லை’ என்ற விடை: இரு ஃபேஜ்களின் சான்று

குறையுள்ள இரண்டு ஃபேஜ்கள் ஒரே பாக்டீரியச் செல்லுக்குள் சேர்ந்து நுழைந்து பெருகினால், அவற்றின் சடுதிமாற்றங்கள் வெவ்வேறு மரபணுக்களில் உள்ளன. பெருகாவிட்டால் ஒரே மரபணுவில் உள்ளன. நிரப்புச் சோதனையைப் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவில் முடித்துவிடுகின்றன. இவ்விதியின் பின்பாதி தனித்து நிற்காது என்பதே என் வாதம்.

சீமோர் பென்சர் 1950களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வைக் கவனமாகப் படித்தால் இது விளங்கும். டி4 ஃபேஜின் ஆர்-2 சடுதிமாற்றிகள் ஈ. கோலி பி வகையில் பெரிய, விளிம்பு கூர்மையான தெளிவட்டங்களை உண்டாக்கும். லாம்டா ஃபேஜைத் தன்னுள் தாங்கிய கே12 வகையிலோ பெருகமாட்டா. இந்தக் கே12 செல்களை இரண்டிரண்டு சடுதிமாற்றிகளால் தொற்றவைத்தபோது அவை ஏ, பி என்ற இரு குழுக்களாகப் பிரிந்தன. ஏ-வும் பி-யும் சேர்ந்தால் செல்கள் வெடித்து ஃபேஜ்கள் வெளிவரும். ஒரே குழுவைச் சேர்ந்த இரண்டு சேர்ந்தால், மறுஇணைவால் தோன்றும் அரிதான இயல்வகை ஃபேஜ்கள் மட்டுமே கிடைக்கும். பென்சர் அத்துடன் நிற்கவில்லை. இரு சடுதிமாற்றங்களையும் ஒரே டி.என்.ஏ.வில் கொண்ட ஃபேஜையும் இயல்வகை ஃபேஜையும் சேர்த்துத் தொற்றவைப்பது அவருடைய ஒப்பீட்டுச் சோதனை. இச்சேர்க்கையில் ஃபேஜ் பெருகினால்தான், அச்சடுதிமாற்றங்களை இரு ஃபேஜ்களில் பிரித்து வைத்தபோது பெருகாததற்குப் பொருள் உண்டு. 1957இல் அவர் வகுத்த ‘சிஸ்ட்ரான்’ என்ற அலகு இந்த இரு அமைப்புகளின் ஒப்பீட்டில் பிறந்தது. பின்னால் வந்த சுருக்கங்களில் அந்த ஒப்பீடே உதிர்ந்துபோனது வருந்தத்தக்கது.

அது உதிர்ந்தால் நேரும் பிழையை லாம்டா ஃபேஜ் தெளிவாகக் காட்டும். லாம்டாவின் இயல்வகை கலங்கிய வட்டங்களை உண்டாக்கும். தொற்றிய செல்களில் ஒரு பகுதி ஃபேஜை உள்ளடக்கிக்கொண்டு பிழைத்திருப்பதே காரணம். டேல் கைசர் 1957இல் வெளியிட்ட ஆய்வில், தெளிந்த வட்டம் தரும் சடுதிமாற்றிகளைச் சி1, சி2, சி3 என்று நிரப்புச் சோதனையால் பிரித்தார். லாம்டாவில் கடுந்தொற்று வகை ஒன்றும் உண்டு. அதை இம்மூன்றில் எதனுடன் சேர்த்தாலும் அது செல்லை அழித்துவிடும். பாடநூல் விதியை அப்படியே பின்பற்றினால், அந்தச் சடுதிமாற்றம் ஒரே நேரத்தில் மூன்று மரபணுக்களிலும் இருப்பதாக முடிவுகட்ட நேரும். இயல்வகையுடன் சேர்த்தாலும் அழிவு நிற்பதில்லை என்பதைக் கண்டதும் சிக்கல் அவிழ்கிறது. கெட்டிருப்பது, ஃபேஜை அடக்கிவைக்கும் சி1 புரதம் வந்து அமரும் இயக்கிப் பகுதிகள். துணைக்கு வந்த ஃபேஜ் எவ்வளவு நல்ல புரதத்தைத் தந்தாலும், அமர இடமில்லாத டி.என்.ஏ.வை அதனால் அடக்க முடியாது. செல்லுக்குள் பரவக்கூடிய பொருளின் குறையை மட்டுமே நிரப்புச் சோதனை அளக்கிறது.

‘ஆம்’ என்ற விடைக்கும் ஓர் எல்லை உண்டு. டி4இன் வெப்ப உணர்வுச் சடுதிமாற்றிகளில், ஒரே மரபணுவுக்குள்ளேயே நிரப்பல் நிகழ்வதை பெர்ன்ஸ்டைன், எட்கர், டென்ஹார்ட் ஆகியோர் 1965இல் காட்டினர். இவ்வகைச் சடுதிமாற்றிகள் பெரும்பாலும் முழு நீளப் புரதத்தையே உண்டாக்குகின்றன. பல துணையலகுகள் கூடி இயங்கும் புரதமாயின், வெவ்வேறு இடத்தில் பழுதான இரண்டு அலகுகள் கலந்து ஓரளவு வேலை செய்துவிடலாம். ஆம்பர் சடுதிமாற்றமோ புரதத்தைப் பாதியில் நிறுத்துவதால் இதற்கு இடம் மிகக் குறைவு. ஆகவே புதிய சடுதிமாற்றம் ஒன்றை மரபணுவில் சேர்க்குமுன், அதை முதலில் இயல்வகையுடனும், பிறகு அந்த மரபணுவின் ஆம்பர் அல்லது நீக்கச் சடுதிமாற்றியுடனும் சோதிக்க வேண்டும். வெப்ப உணர்வு இணைகளின் முடிவை மட்டும் வைத்து மரபணுக்களை எண்ணக் கூடாது.