தண்ணீர் ரொம்பும்வரை காத்திருக்கலாமா?

2025 மே 17 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்தில், மீரான்குளத்தில், ஒரு ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்தது. உள்ளே இருந்தது எட்டுப் பேர். மூன்று பேர் தப்பித்தார்கள், ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு என் மச்சான் போன் செய்தார். "தண்ணி முழுசா ரொம்பிட்டா கதவு ஈஸியா தொறந்துக்கும்னு சொல்வாங்களே மச்சான், நெஜமா?"

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த யோசனையை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன்.

கணக்கு என்னவோ சரிதான். ஒரு மீட்டர் அகலக் கதவில், வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அழுத்தம் சுமார் 125 கிலோ. கீல் ஒரு பக்கம் இருப்பதால் மறுமுனையில் அதில் பாதி விசை போதும். அதுவே ஒரு மீட்டர் உயரம் என்றால் 500 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிவிடும், அதுதான் வில்லங்கம். உள்ளேயும் தண்ணீர் ரொம்பினால் இரு பக்கமும் சமமாகிக் கதவு திறக்கும். ஆனால் அதுவரை மூச்சு வேண்டுமே! அதைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

மித்பஸ்டர்ஸ் நிகழ்ச்சியில் 2007-இல் ஆடம் சாவேஜ் இதை நீச்சல்குளத்தில் செய்து பார்த்தார். உடனே திறந்தபோது கதவு திறந்தது, பாதி மூழ்கியபின் திறக்கவில்லை, முழுதும் ரொம்பியபின் மறுபடி திறந்தது. "காத்திருக்கலாம்" கட்சிக்கு இது தெம்பு கொடுத்திருக்கும். 2010-இல் ஏரியில் மறுபடி செய்தார்கள். இந்தமுறை கார் தலைகீழாகக் கவிழ்ந்தது, அவசரக் காற்று தேவைப்பட்டது. முன்பு சொன்னதைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள் என்பதற்காகவே எனக்கு அந்த நிகழ்ச்சி பிடிக்கும்.

முறையாக ஆராய்ந்தவர் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட். கார்களைத் தண்ணீரில் இறக்கி, ஆட்களை உள்ளே உட்காரவைத்துச் சோதித்தார். விழுந்த கார் உடனே மூழ்குவதில்லை. அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம்வரை மிதக்கும். தப்பிக்கக் கிடைக்கும் நேரம் அதுதான், அதிலும் முதல் நிமிடம். போன் போட நேரமில்லை. பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பு, பிறகு நீ போ. கதவைத் தொடாதே, திறந்தால் தண்ணீர் கொட்டி கார் சீக்கிரம் மூழ்கும், பின்சீட்டில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பவர் விண்டோ தண்ணீர் பட்டதும் செத்துவிடும் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் ஆரம்பத்தில் வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடி உயரத்துக்கு வந்துவிட்டால்தான் அழுத்தத்தில் இறங்காது.

கண்ணாடியை உடைக்கலாமே என்றால், முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்த லாமினேட்டட் வகை, விரிசல் விட்டாலும் பிரியாது. பக்கக் கண்ணாடி வழக்கமாக டெம்பர்டு, கூர்முனைச் சுத்தியலால் மூலையில் அடித்தால் பொடியாகும். ஆனால் புதிய கார்கள் சிலவற்றில் பக்கத்திலும் லாமினேட்டட் வருகிறது. அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு டெம்பர்டை உடைத்தன. லாமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. (சீட்டின் தலைச்சாய்வைக் கண்ணாடி உடைக்கவே வடிவமைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது கதை.)

இதெல்லாம் கனடாக்காரனின் உறைந்த ஏரிக்கு, நமக்கெதுக்கு என்று கேட்கலாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு அரசு மருத்துவர் இறந்தார். அங்கே கார் விழவில்லை, தண்ணீருக்குள் ஓட்டிப்போனதுதான்.

எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் கவலை ஓட்டிய காலத்துக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. மாடு பூட்டித் தோல்பையில் இறைத்த கிணறு, பிறகு பம்புசெட்டு வந்தது, பிறகு போர்வெல். கிணறு சும்மா கிடக்கிறது. தாத்தா நிலத்துக் கிணறு தோண்டியபோது பக்கத்தில் போனது மாட்டுவண்டிப் பாதை. அது தார்ச்சாலையாகி, அகலமாகி, இப்போது கிணற்று விளிம்புக்கும் தாருக்கும் நடுவே நான் அளந்தது ஏழு அடி. கைப்பிடிச் சுவர் கிடையாது.

மச்சானிடம் இவ்வளவும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, என் கார் ஜன்னல் மூலையில் இருந்த முத்திரையைக் குனிந்து படித்தார். டெம்பர்டு. பிறகு இரண்டு பேரும் செங்கல் விலை விசாரிக்கப் போனோம்.