கேள்வி நேரமும் போடி ரயிலும்

"எங்க எம்.எல்.ஏ.தான்யா சி.எம்." அப்படின்னு அதிக தடவை சொல்லிக்கிட்ட ஊர்க்காரங்க யாருன்னு கேட்டா, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம்தான் கை நீட்டணும். 1984-ல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி ஆண்டிபட்டி. 1989-ல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் போனது போடிநாயக்கனூரில் இருந்து. 2002 இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி முதல்வர் ஆனது ஆண்டிபட்டியில். ஓ.பன்னீர்செல்வம் 2001-ல் பெரியகுளம் எம்.எல்.ஏ.வாக முதல் தடவை முதல்வர். பிறகு 2014, 2016 இரண்டு தடவையும் போடி எம்.எல்.ஏ.வாக.

பெருமைதான், யார் இல்லேன்னா? ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. சட்டசபையில் கேள்வி நேரம்னு ஒண்ணு இருக்கு. அங்கே கேள்வி கேட்கிறது உறுப்பினர், பதில் சொல்றது அமைச்சர். முதலமைச்சரும் அமைச்சரும் எழுந்து "என் தொகுதிக்குப் பாலம் எப்போ வரும்?"னு கேட்க முடியாது. அவங்க உட்கார்ந்திருக்கிறது பதில் சொல்ற வரிசை. அதாவது நம்ம பள்ளத்தாக்குக்குப் பல வருஷம் கேட்கிற பக்கத்தில் ஆள் குறைவு, பதில் சொல்ற பக்கத்தில் ஆள் பலம். (ஃபைலில் கையெழுத்துப் போடற இடத்திலேயே ஆள் இருக்கும்போது கேள்வி எதுக்குன்னு கேட்பீங்க. நியாயம்தான். அதுக்கும் வர்றேன்.)

இந்தக் கேள்வி கேட்கிற உரிமை நமக்குச் சும்மா வந்துடலை. 1861 சட்டப்படி அமைந்த சபைகளில் உறுப்பினர்கள் வாயைத் திறந்து அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வழியே கிடையாது. 1892-ல் வந்த இந்தியன் கவுன்சில்ஸ் சட்டம்தான் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். விஷயம் என்ன தெரியுமா? சுற்றுப்பயணம் வர்ற சர்க்கார் அதிகாரிகளுக்கு ஊர்ஊரா சாமான் சப்ளை பண்ணியே கிராமத்துக் கடைக்காரன் நொடிஞ்சு போறானே, இதுக்கு என்ன வழின்னு கேட்டார். என்னைக் கேட்டா, இந்திய நாடாளுமன்ற வரலாற்றின் முதல் கேள்வியே அருமையான கேள்வி :-) ஆனா பதில் வந்தபிறகு அதன்மேல் மறுகேள்வி கேட்க அப்போ அனுமதி இல்லை. கேள்வி கேட்டவர் துணைக் கேள்வி கேட்கலாம்னு வந்தது 1909 சட்டத்துக்கு அப்புறம். மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம்னு ஆனது 1919 சட்டத்துக்கு அப்புறம்.

இந்தத் துணைக் கேள்விதான் சார் உயிர். எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதி வச்ச பதிலை எந்த அமைச்சரும் படிச்சிடுவார். அதுக்கு மேல ஒருத்தர் எழுந்து "சரி, அப்போ அந்தப் பணம் எங்கே?"ன்னு கேட்டா அங்கேதான் வேர்க்கும். 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிகளுக்குப் போன கதை மக்களவையில் ஒரு கேள்வியாகத்தான் ஆரம்பிச்சது. ஃபெரோஸ் காந்தி விடாமல் பிடித்துக்கொள்ள, விசாரணைக் கமிஷன் வந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி வீட்டுக்குப் போனார். நேருவின் அமைச்சரவையில் பெரிய கை, நம்ம ஊர்க்காரர்.

இப்போ போடி ரயிலுக்கு வருவோம்.

மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை திறந்தது 1928-ல். சுமார் 90 கிலோமீட்டர். இந்தப் பாதைக்குக் காரணம் ஏலக்காயும் தேயிலையும். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போகும். மூணாறு பக்கம் குண்டளை பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயிலே ஓடிக்கிட்டிருந்தது. 1924 பெருவெள்ளம் அதை அடிச்சிட்டுப் போயிருச்சு. மலை மேல ரயில் போன நாலாவது வருஷம் மலை அடிவாரத்துக்கு ரயில் வந்தது. அதுவும் நிலைக்கலை. இரண்டாம் உலகப்போரில் இரும்பு வேணும்னு 1942-ல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனாங்க. யுத்தம் 1945-ல் முடிஞ்சது. தண்டவாளம் திரும்பி வந்தது 1950-களின் நடுவில்!

அடுத்த தடவை பெயர்த்தது அகலப்பாதைக்காக. 2010 கடைசியோடு போடி ரயில் நின்றது. நல்ல காரியத்துக்குத்தானேன்னு யாரும் பெருசா சத்தம் போடலை. அப்புறம் என்ன ஆச்சு? மதுரையில் இருந்து உசிலம்பட்டி வரைக்கும் 37 கிலோமீட்டர் தயாராக 2020 ஜனவரி ஆகிப்போச்சு. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல. சின்னமனூர் பக்கம் ரயில் படிப்பு முடிச்சு வேலைக்குப் போன பையன்கள்லாம் "ரயில்"னா சினிமாவில் பார்த்ததுன்னு சொல்ற நிலை. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போற நோயாளி, காலேஜ் பிள்ளைங்க, பூ, காய்கறி மூட்டை எல்லாம் பஸ்ஸிலும் வேனிலும்தான் ஆண்டிபட்டி கணவாய் தாண்டணும்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ரயில்வே அமைச்சர்கள் எத்தனை பேர்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. மம்தா பானர்ஜி, தினேஷ் திரிவேதி, முகுல் ராய், சி.பி.ஜோஷி, பவன்குமார் பன்சால், மல்லிகார்ஜுன கார்கே, சதானந்த கௌடா, சுரேஷ் பிரபு, பியூஷ் கோயல், அஸ்வினி வைஷ்ணவ். பத்து விரலும் தீர்ந்துடுச்சா? தேனி எம்.பி.க்களும் மாறினாங்க: 2009-ல் ஜே.எம்.ஆரூண் (காங்கிரஸ்), 2014-ல் ஆர்.பார்த்திபன் (அ.தி.மு.க.), 2019-ல் ப.ரவீந்திரநாத் (அ.தி.மு.க.). கட்சி மாறுது, அமைச்சர் மாறுறார், மாறாதது தண்டவாளம் இல்லாத ஜல்லிக்கல் மட்டும்.

ஒரு எம்.பி. கேள்வி கொடுத்தா என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா இதுல ஆச்சரியம் இருக்காது. குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20. அதுக்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் உண்டு. ஆனா ஒரு மணி நேரத்தில் அஞ்சாறு கேள்வி தாண்டினாலே பெரிய விஷயம். மீதி, நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளோடு சேர்ந்து, அச்சடிச்ச காகிதமா மேஜையில் வைக்கப்படும். எது முன்னாடி வரும்னு முடிவு பண்றது குலுக்கல்! நம்ம போடி ரயில் கேள்வி குலுக்கலில் தப்பிச்சு, ரயில்வே போர்டுக்குப் போய், சென்னைக்குப் போய், மதுரை கோட்டத்துக்கு வந்து, அங்கே ஒருத்தர் "இத்தனை கிலோமீட்டர் மண்வேலை முடிந்தது"ன்னு எழுதி, அது அதே வழியில் டெல்லிக்குத் திரும்பும். அமைச்சர் சொல்ற பதிலை எழுதினது நம்ம மதுரைக்காரரா இருக்கலாம்!

அந்தப் பதில்களில் பொய் இருக்காது. அதுதான் கஷ்டமே. நிதி இருப்பைப் பொறுத்து வேலை நடக்கும்னு சொன்னா அது உண்மைதானே. தமிழ்நாட்டின் சில புதிய பாதைத் திட்டங்களுக்கு பட்ஜெட்டில் அடையாளத்துக்கு 1,000 ரூபாய் ஒதுக்கிய கதையெல்லாம் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்லீப்பர் கட்டையாவது வருமா? ஆனா "திட்டம் உயிரோடு இருக்கிறதா?"ன்னு கேட்டா "இருக்கிறது"ன்னு பதில் சொல்லலாம்.

இதுக்கெல்லாம் ஒரு கடிவாளம் வச்சிருக்காங்க, பலருக்குத் தெரியாது. அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953-ல் இருந்து இருக்கு. அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்", "விவரம் சேகரிக்கப்படுகிறது" இந்த மாதிரி சொல்லிட்டா அது வெறும் பேச்சு இல்லை, வாக்குறுதின்னு கணக்கு. எந்தெந்தச் சொற்றொடர் வாக்குறுதி ஆகும்னு ஒரு பட்டியலே வச்சிருக்காங்க. மூணு மாசத்தில் நிறைவேத்தணும், இல்லைன்னா அவகாசம் கேட்கணும். நம்ம சட்டசபையிலும் இதே பேரில் குழு இருக்கு. அதனாலதான் விவரம் தெரிஞ்ச அதிகாரி பதில் எழுதும்போது "பரிசீலனையில்" என்ற வார்த்தையையே தொடமாட்டார். "தற்போது அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை"ன்னு எழுதிட்டு நிம்மதியா தூங்குவார்.

இப்போ மேலே விட்ட விஷயம். கையெழுத்துப் போடற இடத்தில் ஆள் இருந்தா கேள்வி எதுக்கு? ஏன்னா கையெழுத்து ஃபைலுக்குள்ள போயிடும். கேள்வியும் பதிலும் அச்சாகி நிக்கும், பத்து வருஷம் கழிச்சும் எடுத்துக் காட்டலாம். இன்னொண்ணு, ரயிலும் அணையும் எல்லையும் சென்னை ஃபைலில் இல்லவே இல்லை.

முல்லைப்பெரியாறையே எடுத்துக்குங்க. 1979-ல் 152 அடியில் இருந்து 136 அடிக்குக் குறைச்சாங்க. அதுக்கப்புறம் டெல்லியில் இதைப் பற்றிக் கேட்கப்போனா விதிப்படியே ரெண்டு முட்டுக்கட்டை. மாநில விஷயம்னு ஒண்ணு, நீதிமன்றத்தில் இருக்குன்னு இன்னொண்ணு. கேட்க இடமில்லாம போனதாலதான் 2011 டிசம்பரில் ஜனங்க கம்பத்தில் இருந்து குமுளியைப் பார்த்து நடந்தாங்கன்னு நான் நினைக்கிறேன். அந்த டிசம்பர் 15 அன்னிக்கு சட்டசபை சிறப்புக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பதில் கடைசியில் கோர்ட்டில் இருந்துதான் வந்தது, 2014 மே 7, 142 அடி. அதே மே 7-ந்தேதிதான் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடையும் போட்டது! அணைக்காகப் பட்டாசு வெடிச்ச கம்பத்துக்குப் பக்கத்திலேயே பல்லவராயன்பட்டியில் வாடிவாசல் மூடிக் கிடந்தது. 2017 ஜனவரியில் அதைத் திறக்க அவசரச் சட்டம் கொண்டுவந்த முதல்வர் போடி எம்.எல்.ஏ. பதில் சொல்ற வரிசையிலும் ஆள் இருக்கணும்கிறதுக்கு அது ஒரு உதாரணம், ஒத்துக்கறேன். (மெரினாவில் அவ்வளவு பேர் உட்காராம அது நடந்திருக்குமான்னு கேட்காதீங்க.)

கண்ணகி கோயில் இன்னும் மோசம். கூடலூருக்கு மேல எல்லை மலையில் இருக்கிற அந்த மங்கலதேவி கோட்டத்தை, சிலப்பதிகாரத்தை வச்சுத் தேடி 1963-ல் அடையாளம் கண்டவர் பேராசிரியர் சி.கோவிந்தராசனார். சித்ரா பௌர்ணமி அன்னிக்கு ஒரு நாள் மட்டும், தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் பேசி வச்சபடி உள்ளே விடுவாங்க. பளியன்குடி வழியா நமக்குன்னு சரியான பாதை வேணும்னு பல வருஷமா கேட்கிறோம். அறநிலையத் துறையைக் கேட்டா வனத்துறை, வனத்துறையைக் கேட்டா புலிகள் காப்பகம், அதுக்கு மேல கேட்டா கேரளா. எந்த அமைச்சரும் தன் துறை அளவில் சரியாகத்தான் பதில் சொல்வார். லண்டன் பார்லிமெண்டில் ஸ்காட்லாந்துக்கு, வேல்ஸுக்குன்னு தனித்தனியாக் கேள்வி நேரம் வச்சிருக்காங்க. ஒரு பிரதேசத்தோட பிரச்சினையைப் பிரதேசமாவே எடுத்துக் கேட்கலாம். நமக்கு எல்லாமே துறை.

ரயில் இப்போ போடியோட நிக்குது. வாரம் மூணு நாள் சென்னைக்கு நேர் வண்டி இருக்கு, நல்லா இருக்கு. ஆனா சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எதிலும் இதுவரை ரயில் சத்தமே கேட்டதில்லை. திண்டுக்கல்லில் இருந்து கம்பம் வழியா குமுளி வரைக்கும் பாதை வேணும்கிறது பழைய கோரிக்கை. புதுப் பாதைக்கு வருவாய் விகிதம்னு ஒரு கணக்குப் போடுவாங்க, ரொம்ப காலம் 14 சதவீதம் வரணும்னு அளவு வச்சிருந்தாங்க. அந்த அளவைத் தொடாத பாதையெல்லாம் பின்வரிசைதான். 2024-ல் ஜெயிச்ச தங்க தமிழ்ச்செல்வன் ஆண்டிபட்டியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர், இந்த ரோடெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேள்வி குலுக்கலில் விழுந்து, அமைச்சர் எழுந்து வருவாய் விகிதம் போதாதுன்னு படிச்சா, துணைக் கேள்வியா அவர் இதைக் கேட்கணும்: கார்த்திகையும் மார்கழியும் இந்த ரோட்டில் குமுளி வழியா சபரிமலை போற ஐயப்பமார்களை அந்தக் கணக்கில் சேர்த்தீங்களா, இல்லையா?