நாட்டு அக்ரோட்டு

வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் கஜுவுக்குப் பக்கத்தில் பொதியிட்டுத் தொங்கும் மடிப்பு மடிப்பான அந்தப் பருப்பைக் கடைக்காரர் ‘வோல்நட்’ என்பார். மருந்துச் சரக்கு விற்பவரோ ‘அக்ரோட்டு’ என்பார். இரண்டும் வந்தேறிய பெயர்களே எனினும், நம் செவிக்கு இசைந்து வந்தது பின்னதுதான். வடமொழி ‘அக்ஷோட’ இந்தியில் ஒரு ரகரத்தை ஏற்று ‘அக்ரோட்’ ஆக, வல்லொற்றில் சொல் முடிய ஒப்பாத தமிழ் டகரத்தை இரட்டித்து உகரமேற்றி அதை ‘அக்ரோட்டு’ ஆக்கிற்று. ‘க்ர’ என்னும் மயக்கமும் உறுத்தியவர்கள் நடுவே ஓர் அகரத்தைச் செருகி ‘அக்கரோட்டு’ என்றார்கள். எனக்கு இதுவே இனிது.

ஆங்கிலத்து ‘வோல்’ சுவரன்று. அது பழைய ஆங்கிலத்தில் அயலானைக் குறித்த சொல். வேல்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்ததும் அதுவே. தெற்கே உரோமர் பக்கமிருந்து வந்த கொட்டையை வடபுலத்தார் ‘அயலார் கொட்டை’ என்றார்கள். நாமோ அயற்பெயரின் முன்னே ‘நாட்டு’ என்று ஒட்டி, வேறொரு மரத்தை ‘நாட்டு அக்ரோட்டு’ ஆக்கிக்கொண்டோம். சிங்களவர் ‘தெல் கெக்குண’ என்னும் மரம் அது; ‘தெல்’ எண்ணெய். ஆமணக்கின் குடும்பம், அக்ரோட்டுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. போதாக்குறைக்கு அதன் தாவரவியற் பெயர் மொலுக்காத் தீவுகளைச் சுட்டுகிறது! ஆக, இங்கே ‘நாட்டு’ என்பது பிறப்பிடத்தைக் குறிக்கவில்லை. கைக்கெட்டிய மாற்று என்றே பொருள்படுகிறது.

‘நாட்டு வாதுமை’யும் அவ்வழியது. தமிழகத்தார் அப்படி அழைக்கும் மரத்தின் காயை நாம் கொட்டாங்காய் என்கிறோம். நாரை உரித்து, ஓட்டைக் கல்லால் தட்டி, விரல்நுனியளவு பருப்பை எடுத்துத் தின்னாத பிள்ளை உண்டா? கொட்டான் மரங்கள் நின்ற சேனையே கொட்டாஞ்சேனை என்று விளக்குவோரும் உண்டு. சிங்களத்தில் ‘ஹேன’ என ஹகரமாகிவிட்ட இடத்தில் தமிழ் பழைய சகரத்தை விடாமல் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

அக்ரோட்டின் மெய்யான உறவுகள் வட அமெரிக்காவில் இருக்கின்றன. அங்குள்ள அல்கோங்கியப் பழங்குடியினர் கொட்டைகளை ஓட்டோடு இடித்து, நீரில் கரைத்து, நம் தேங்காய்ப்பால் போலொரு பால் எடுத்தார்கள். வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் அந்தப் பாலின் நெடும்பெயரைத் தலைவெட்டி ‘ஹிக்கரி’ என்று மரத்துக்குச் சூட்டினார்கள். பாலின் பெயர் மரத்துக்கு ஏறி, பின் அதன் வன்கட்டைக்கும் ஆயிற்று. அதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் பெயரோ, கல்லால் உடைக்கும் கொட்டை எனப் பொருள்படும் ‘பக்கானி’யிலிருந்து பிரெஞ்சுக்காரர் வாய்வழி ஆங்கிலம் புகுந்தது.

இந்த மரப்பெயரைத் தமிழில் பீக்கன், பீகான், பெக்கான் என்று எழுதி இன்னும் தடுமாறுகிறோம். ஒற்றைக் ககரம் உயிரிடையில் நெகிழ்ந்து ஒலிக்கும். இரட்டித்தால்தான் மூலத்தின் வல்லோசை நிற்கும். முதலெழுத்தும் அகரமாகவே இருக்கட்டும். ‘பக்கான்’ என்று எழுதினால் பழங்குடியின் ஒலிக்கும் நெருங்குகிறோம், கொட்டானுக்கும் ஓர் இயைபு கிடைக்கிறது.