அசோகன் கற்ற பாடம்

தலைமை என்பது பிறரை ஏவும் ஆற்றலே எனப் பலரும் எண்ணுவர். திருவள்ளுவரோ குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தை அரசியலின்கண் அமைத்து, ஆள்வோன் முதற்கண் தன் குற்றத்தைக் களைதல் வேண்டும் என்பதைப் புலப்படுத்தினார். இவ்வுண்மைக்கு வரலாறு தரும் சிறந்த சான்று, மௌரியப் பேரரசன் அசோகனின் வாழ்க்கையாகும்.

முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், கி. மு. 261ஆம் ஆண்டளவில், அசோகன் கலிங்கத்தை வென்றான். அப்போரில் 100,000 பேர் கொல்லப்பட்டனர். 150,000 பேர் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். மேலும் பன்மடங்கினர் மாண்டனர். இக்கணக்கை எழுதியவர் அவனுடைய பகைவர் அல்லர். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவனே இதனைப் பொறித்துத் தன் வருத்தத்தையும் வெளியிட்டான். சாசனங்களில் பியதசி எனப்படும் மன்னன் அசோகனே என்பதை 1837ஆம் ஆண்டில், இலங்கையில் அரசாங்க உத்தியோகம் வகித்த ஜோர்ஜ் டேர்ணர், பாளி மொழித் தீபவமிசத்தின் துணைகொண்டு நிறுவினார்.

வருந்தியதோடு அசோகன் அமைந்தானல்லன், கற்கவும் தலைப்பட்டான். தான் உணவு உண்ணும்போதாயினும், அந்தப்புரத்தில் இருக்கும்போதாயினும், குடிகளின் காரியங்களைத் தனக்கு அறிவித்தல் வேண்டும் என ஆணையிட்டான். பிற சமயத்தார் கூறும் அறத்தையும் செவிமடுத்துக் கேள்வியறிவைப் பெருக்குமாறு யாவரையும் வேண்டினான்.

தான் கற்றதைத் தன் அதிகாரிகளுக்கும் கற்பித்தான். கலிங்கத்துத் தௌலியிலுள்ள சாசனம், தோசலி நகர நீதி அதிகாரிகளை நோக்கியது. காரணமின்றிச் சிலர் சிறைத் துன்பம் அடைவதை அது சுட்டுகின்றது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பயிற்சியின்மை, சோம்பல், தளர்ச்சி என்னும் ஏழும் நடுவுநிலைமையைக் கெடுப்பன என்றும், இவை தம்மிடம் அணுகாவண்ணம் அதிகாரிகள் காத்துக்கொள்ளல் வேண்டும் என்றும் உரைக்கின்றது. திஷ்ய நட்சத்திர நாள்தோறும் இதனைக் கேட்டல் வேண்டும். இடையிடையே ஒருவர் தனித்திருந்தும் கேட்கலாம் என்பது ஏற்பாடு.

முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் பொறித்த தூண் சாசனமொன்றில், மனிதன் தன் நற்செயலையே காண்கின்றான், தீச்செயலைக் காண்பதில்லை என்றும், தன்னைத்தான் ஆராய்தல் மிக அரிது என்றும் அவன் கூறுகின்றான். நீண்ட ஆட்சியின் அனுபவம் அவனை இம்முடிவுக்குக் கொணர்ந்தது போலும்!

ஆயினும், அவனிடமும் குறை உண்டு. வென்ற கலிங்கத்தை அவன் திருப்பியளித்தானல்லன். தன் வருத்தத்தைக் கூறும் சாசனத்தைக் கலிங்கத்துப் பாறைகளில் பொறித்தானுமல்லன். துன்புற்றோர் முன்னிலையில் தவற்றை ஒப்புக்கொள்ளுதல் பேரரசனுக்கும் கடினமாயிற்றுப் போலும்.

நேயர்களே! நாடாள்வோர்க்கு மட்டும் உரிய பாடமன்று இது. அலுவலகத்தில் நால்வரை நடத்துபவரும், வகுப்பில் நாற்பது மாணவரை வழிப்படுத்துபவரும், இல்லத்தின் பொறுப்பை ஏற்றவரும் அவ்வேழு குற்றங்களுள் இன்று தம்மை அணுகியது யாது என நாள்தோறும் வினவுவாராக. அவ்வினாவுக்கு உண்மையான விடை காண்பவரிடம் மக்கள் தம் குறைகளை அச்சமின்றிக் கூறுவர்.