முதிய கைகளும் கலைப்பயிற்சியும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் கோவில்களாலும் பூக்கடைகளாலும் தமிழரிடையே பெயர் பெற்றது. அதற்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1951ஆம் ஆண்டு தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டது. அதே ஆண்டு கொலையுண்ட ஆங்கிலேய ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரால் 1953இல் அங்கு ஒரு பயிற்சி நிலையமும் அமைந்தது. பார்வையிழந்தோர் அந்நிலையத்தில் கூடை முடையக் கற்றனர். கண் செய்த வேலையை விரல்கள் ஏற்றுக்கொண்டன. உடலின் நிலைக்கேற்ப முறையையும் கருவியையும் மாற்றினால் மனிதனின் படைப்பாற்றல் மங்காது என்னும் உண்மை அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. முதியோர் இல்லங்களில் நடத்தப்பெறும் கலை வகுப்புகளுக்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

கலை வரலாறு இதற்குச் சான்று பல தருகின்றது. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் (1841–1919) தம் பிற்காலத்தில் மூட்டுவாத நோயால் விரல்கள் மடங்கித் துன்புற்றார். துணி சுற்றிய கையில் பிறர் தூரிகையைப் பொருத்த, இறுதிவரை அவர் வரைந்தார். பெரிய திரைச்சீலையைக் கை எட்டாதபோது, சீலையையே உருளையில் சுற்றி நகர்த்தச் செய்தார். மத்தீஸ் என்னும் ஓவியர் 1941இல் பெரும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகிச் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்தது. அவர் வண்ணந்தீட்டிய தாள்களைக் கத்தரித்து ஒட்டிப் புதியதொரு கலைமுறையையே உருவாக்கினார். அமெரிக்க உழவர் குடும்பத்து மூதாட்டி ஆனா மேரி மோசஸ், மூட்டுவலியால் பூத்தையல் செய்ய இயலாமற்போகவே ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1940இல், எண்பதாம் வயதில், அவருடைய ஓவியக் கண்காட்சி நியூயார்க்கில் நடைபெற்றது. சாந்திநிகேதனத்து ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி தம் ஐம்பதுகளில் பார்வையை முற்றிலும் இழந்தவர். எனினும் 1972இல், அறுபத்தெட்டாம் வயதில், பீங்கான் ஓடுகளால் ஆன சுவரோவியம் ஒன்றை அவர் படைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அவ்வாண்டே ஆசிரியரைப் பற்றிய திரைப்படமொன்றை எடுத்தார்.

இவர்கள் பேராற்றல் வாய்ந்தவர்கள். எளியோர்க்கு இது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் அதற்கு விடை கண்டார். 1938இல் காசநோய் மருத்துவமனையில் தங்கிய அவர், வரைவது தம் மனச்சோர்வைப் போக்குவதை உணர்ந்தார். பின்னர் உடன் இருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் அவர் வழங்கிய 'கலைவழிச் சிகிச்சை' என்னும் சொல் இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் தேவை தனித்தன்மை உடையது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் நகராயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பால்மரங்கள் வீழ்ந்த இடங்களில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. தோட்ட மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். திண்ணையும் வாசலும் அண்டை அயலாரும் ஒருங்கே மறைந்தபோது, மிகுதியாக இழந்தவர்கள் முதியோரே. ஆதரவற்ற முதியோர்க்குச் சமூக நலத்துறை இல்லங்களை நடத்துகின்றது. அறநிலையங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்களும் உள. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டம் இத்தகைய நிலையங்கள் பதிவு பெற வேண்டுமென விதித்தது. உணவுக்கும் உறையுளுக்கும் சட்டம் வழிவகுக்கலாம். காலைச் சிற்றுண்டிக்கும் பகலுணவுக்கும் இடைப்பட்ட நெடும்பொழுதை எந்தச் சட்டம் நிரப்பும்?

அப்பொழுதை நிரப்பவல்லது கலை. ஆயின் அது முதியோரின் உடலுக்கு இயைந்ததாக அமைய வேண்டும். நடுங்கும் கைக்குத் தூரிகையின் காம்பில் துணியோ பஞ்சுறையோ சுற்றித் தடிப்பாக்கலாம். தாளை மேசையில் ஒட்டிவைத்தால் ஒரு கை செயலிழந்தவரும் மறு கையால் வரைவர். பார்வை குன்றியவர்க்குக் கருந்தாளில் வெண்ணிறம் தெளிவாகத் தோன்றும். நினைவு தளர்ந்தவர்க்கு ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் காட்டுதல் நன்று. குனிய இயலாத பாட்டிக்கு, மேசைமீது அகன்ற தட்டொன்றை வைத்தால் அதுவே வாசலாகிவிடும். மாவை விரலிடைப் பற்ற முடியாவிடில், சிறு துளையிட்ட புட்டியில் இட்டுக் கொடுக்கலாம். புள்ளிகளின் கணக்கு அவர் அறிந்ததே.

ஈண்டு ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். பாலர் வகுப்பின் பொம்மைப் படங்களைக் கொடுத்து வண்ணந்தீட்டச் சொல்வது முதியோரைச் சிறுமைப்படுத்துவதாகும். பால்வெட்டும் கத்தியை மரப்பட்டையில் ஆழம் பிசகாது நடத்திய கைகள் அவை. மாலை தொடுத்தும், தென்னோலையில் தோரணம் பின்னியும், திருவிழாக்களை அழகு செய்த கைகள் அவை. பள்ளியில் ஓவியம் கற்கும் வாய்ப்பு அவர்களுட் பலர்க்குக் கிட்டியதில்லை. எனினும் கலையறியாதவர் என அவர்களைக் கொள்ளுதல் தவறு. அவர்கள் அறிந்ததிலிருந்து தொடங்கி அறியாததை நோக்கி அழைத்துச் செல்வதே சிறந்த கற்பித்தல் முறை. இவ்விதி பாலர்க்கும் முதியோர்க்கும் ஒன்றே.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தீபாவளியன்று பழங்கூடையுடன் முதியோர் இல்லம் சென்று திரும்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மாணவர்கள் திங்களுக்கொரு முறையேனும் தாளும் மாவும் தென்னோலையும் கொண்டு செல்லலாம். கற்பிக்கச் செல்வதாக எண்ணாது, கற்கச் செல்வதாக எண்ணிச் செல்லுதல் வேண்டும். நெளிகோலமும் ஓலைப்பின்னலும் பாடநூல்களில் முழுமையாக இடம்பெறுவன அல்ல. அவை முதியோரின் விரல்களில் வாழ்கின்றன. அவ்விரல்கள் ஓயுமுன் இளைய விரல்கள் அவற்றைப் பெறாவிடில், இழப்பு முதியோர்க்கு மட்டுமன்று, இனத்திற்கே ஆகும்.