வள்ளல் கையிலிருந்து சங்கத்தின் கைக்கு

1901-ஆம் ஆண்டில் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர், மேற்கோள் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். ஊரில் தேடியும் எளிதிற் கிடைக்கவில்லை என்பர். நான்காம் தமிழ்ச் சங்கத்தின் தோற்றத்திற்கு வழிவழியாகச் சொல்லப்பெறும் காரணம் இதுவே. ஆயின், நூல் கிடைக்காத வள்ளலுக்கு வேறு வழியும் இருந்தது. அவர்தம் தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் திருக்கோவையார், திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்புகளுக்குப் பொருளுதவி புரிந்தவர். மகனாரும் அவ்வாறே சில பதிப்புகளுக்கு உதவியதோடு அமைந்திருக்கலாம். அமையாது ஓர் அமைப்பையே நிறுவினார் என்பதுதான் இங்கு எண்ணத்தக்கது.

14.9.1901 அன்று சங்கம் தொடங்கப்பெற்றது. உடன்நின்ற பாஸ்கர சேதுபதியின் சமஸ்தானமோ கடன்சுமையில் தளர்ந்திருந்தது; 1903-இல் அவரும் மறைந்தார். அரண்மனைக் கொடையை மட்டும் நம்பியிருப்பின் சங்கமும் அன்றே தளர்ந்திருக்கும். பாடசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம் என வேர்கள் பல விட்டதனால் அது நின்றது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை இவற்றினும் முதன்மையானவை எனலாம். ஆசிரியர் பெயராலும் புரவலர் தயவாலும் மதிக்கப்பெற்ற புலமைக்கு ஓர் அமைப்பின் சான்றிதழ் கிடைத்தது அவற்றால்தான். 1902-இல் தோன்றிய ‘செந்தமிழ்’ இதழும் அத்தகையதே. இரா. இராகவையங்கார் நடத்திய இதழை அவருக்குப்பின் மு. இராகவையங்கார் ஏற்று நடத்தினார். ஆள் மாறினும் இதழ் நிற்கவில்லை. பதிப்பிப்பாரின்றிக் கிடந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் சங்க வெளியீடாக வந்தது.

சங்கத்திற்குப் பத்தாண்டு நிறைந்து மூன்று திங்கள் ஆகுமுன், 2.12.1911-இல், பாண்டித்துரையார் காலமானார். அகவை 44. அவ்வாண்டு மே 14-ஆம் நாள்தான் தஞ்சையை அடுத்த கரந்தையில் மற்றொரு சங்கம் கண்விழித்திருந்தது. அதனை நிறுவிய இராதாகிருட்டிண பிள்ளையும், தலைமை ஏற்ற அவர்தம் உடன்பிறந்தார் உமாமகேசுவரனாரும் ஜமீன்தார்கள் அல்லர், பின்னவர் வழக்கறிஞர். கொடுப்பவர் ஒருவர் என்னும் நிலை அங்கு இல்லை. ஆயினும் 1941-இல் இறக்கும்வரை உமாமகேசுவரனாரே தலைவர்! ஒரே தோளில் முப்பதாண்டு சுமந்த பல்லக்கு அது. அதற்கிடையிலும் 1925-இல் ‘தமிழ்ப்பொழில்’ இதழையும் 1938-இல் தமிழ்க் கல்லூரியையும் தோற்றுவித்தனர். அவர் மறைந்தபோது இதழுக்கு அகவை பதினாறு, கல்லூரிக்கு மூன்று. இரண்டும் தொடர்ந்து நடந்தன.